ஒரே நாள், இரண்டு தேதி

1749ஆம் ஆண்டு. தரங்கம்பாடி புதிய எருசலேம் தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் ஆராதனை நடந்த அன்று, கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்திலிருந்த தேவிக்கோட்டையில் ஆங்கிலேயர் கணக்குப்படி தேதி டிசம்பர் 14தான். அந்த ஆண்டுதான் அவர்கள் தஞ்சை மராட்டியரிடமிருந்து அக்கோட்டையைப் பிடித்திருந்தார்கள்.

குழப்பம் ரோமில் தொடங்கியது. பழைய ஜூலியன் நாட்காட்டியின் ஆண்டு, சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நிமிடம் நீளம். நூற்றாண்டுகளில் அது நாட்களாகச் சேர்ந்துவிட்டது. 1582இல் போப் கிரகோரி பத்து நாட்களைக் கழித்து, 400 ஆண்டுகளுக்கு மூன்று லீப் நாட்களையும் குறைத்தார். போர்ச்சுகலும் பிரான்சும் அந்த ஆண்டே மாறின. தரங்கம்பாடியை ஆண்ட டென்மார்க் 1700இல் மாறியது. இங்கிலாந்தோ 1752 வரை இழுத்தடித்தது. அவ்வாண்டு செப்டம்பர் 2 புதன்கிழமைக்கு மறுநாள், செப்டம்பர் 14 வியாழக்கிழமை.

இன்று அந்தக் காலத்து ஆவணங்களைக் கணினியில் ஏற்றுபவருக்கு இதெல்லாம் தலைவலி. பைத்தான் மொழியின் தேதி நிரல் கிரகோரியன் விதியை முதலாம் ஆண்டுவரை பின்னோக்கி நீட்டிவிடும். 1752 செப்டம்பர் 2 என்ன கிழமை என்று கேட்டால் சனி என்று சொல்லும். ஜாவாவின் பழைய நாட்காட்டி நிரல் 1582லேயே மாறிவிடும். 1620இல் எழுந்த தரங்கம்பாடிக் கோட்டையின் முதல் எண்பது ஆண்டுகளுக்கு அது பத்து நாள் பிசகும். யூனிக்ஸின் 'கேல்' கட்டளை ஆங்கிலேயர் பக்கம்: 1752 செப்டம்பரைக் கேட்டால் 2க்கு அடுத்து 14ஐ அச்சடிக்கும். மூன்றும் அதனதன் விதிப்படி சரி. ஆவணம் யாருடையது என்பதுதான் அவற்றுக்குத் தெரியாது.

தீர்வு, மாதம் வருடத்தை ஒதுக்கிவிட்டு நாட்களை வரிசையாக எண்ணுவது. வானியலாளரின் ஜூலியன் நாள் எண்ணில் 1752 செப்டம்பரின் அந்தப் புதன் 2361221, வியாழன் 2361222. நடுவே ஓட்டையே இல்லை. நம் வாக்கியப் பஞ்சாங்கக்காரர்கள் கலியுகத் தொடக்கத்திலிருந்து நாட்களை எண்ணி வந்ததும் இதே வழிதான். போப்பின் உத்தரவு அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை.

ஆகவே பழைய கடிதத்தைப் பதியும்போது மூன்று கட்டங்கள் வேண்டும்: தாளில் உள்ள தேதி உள்ளபடியே, எழுதியவர் பின்பற்றிய நாட்காட்டி, நாள் எண். கழித்தல் கூட்டல் எல்லாம் மூன்றாவது கட்டத்தில் மட்டுமே. இல்லாவிட்டால், தரங்கம்பாடியிலிருந்து மறுநாளே தேவிக்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்த கடிதம், எழுதுவதற்குப் பத்து நாள் முன்பே வந்துவிட்டதாகக் கணினி சாதிக்கும்.