பீங்கான் வெனீரும் கறையும்

முன்பல்லின் மேல் ஒட்டப்படும் பீங்கான் வெனீர் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன் உடையது. மெருகு குலையாதவரை அதில் காபியோ வெற்றிலைச் சாறோ எளிதில் ஊறாது. கறை பெரும்பாலும் விளிம்பில்தான் படிகிறது. பல்லும் பீங்கானும் சேரும் இடத்தில் வெளித்தெரியும் ரெசின் பசை நாளடைவில் பழுப்பேறும். சொரசொரப்பான பற்பொடி மெருகைக் கீறிவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது.

தர்மபுரி வட்டாரத்தில் ஃபுளோரைடு மிகுந்த நீரால் பழுப்பேறிய பற்களுக்கு ஒளி ஊடுருவும் மெல்லிய வெனீர் போதாது, அடிநிறம் தெரிந்துவிடும்.

ப்ளீச்சிங் பல்லை வெளுக்கும், பீங்கானை மாற்றாது. ஆகவே வெளுப்பதாக இருந்தால் அதை முதலில் முடித்து, நிறம் நிலைபெறச் சுமார் இரண்டு வாரம் விட்டு, பகல் வெளிச்சத்தில் வெனீரின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடலூர், சிதம்பரம் பகுதியினர் அண்ணாமலை நகரில் உள்ள பல் மருத்துவக் கல்லூரியில் ஆலோசனை பெறலாம்.