பற்கம்பியில் ஒளிந்திருக்கும் கிருமிகள்

பாடசாலை செல்லும் பிள்ளைகள் பலரின் வாயில் இன்று பற்கம்பி மின்னுவதைக் காண்கிறோம். கோணலாக முளைத்த பற்களை வரிசைப்படுத்த ஒன்றரை, இரண்டு வருடங்கள் செல்லும். பணமும் நிறையச் செலவாகும். கம்பியைக் கழற்றும் நாளில் பற்கள் நேராகிவிட்டன; ஆனால் அவற்றின் மேல் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைத் தழும்புகள்! பெற்றோரின் மனம் என்ன பாடுபடும்?

கம்பியைச் சுற்றித் தங்கும் கிருமிப் படலமே இத்தழும்புகளுக்குக் காரணம். அது சேரும் இடங்களுள் ஒன்று, நாம் கவனிக்காமல் விடும் சின்னஞ்சிறு இறப்பர் வளையம்.

வளையத்தின் வேலை என்ன?

பல்லில் ஒட்டியிருக்கும் சிறு உலோகத் துண்டின் பள்ளத்திலிருந்து கம்பி நழுவாமல் பிடித்து வைத்திருப்பது இவ்வளையமே. பெரும்பாலும் பொலியூரத்தேன் என்ற இழுபடும் பொருளால் செய்யப்படுகிறது. நிறமற்ற வளையம் நம் வீட்டு மஞ்சள் கறியில் மஞ்சளாகிப் போவதைக் கண்டிருப்பீர்கள். நாளாக ஆக அது உமிழ்நீரை உறிஞ்சித் தளர்கிறது, மேற்பரப்பும் சொரசொரப்பாகிறது. கிருமிகளுக்கு இதைவிட வசதி வேண்டுமா?

வாயிலுள்ள ஸ்ட்ரெப்டோகொக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற கிருமிகள் சீனியை உண்டு அமிலத்தை வெளிவிடுகின்றன. பி.எச். அளவு ஏறத்தாழ 5.5 இற்குக் கீழே இறங்கினால், பல்லின் மேற்படையான எனாமலிலிருந்து கல்சியம் கரையத் தொடங்கும். துப்புரவில்லாத வாயில், கம்பி பூட்டி 4 வாரங்களுக்குள்ளேயே வெள்ளைத் தழும்பு தோன்றலாம்.

இறப்பருக்குப் பதிலாக மெல்லிய உருக்குக் கம்பியால் முறுக்கிக் கட்டுவதும் உண்டு. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில் இறப்பரிலேயே கிருமிகள் கூடுதலாகக் காணப்பட்டன. பெரிய வித்தியாசம் இல்லை என்று கண்ட ஆய்வுகளும் உள்ளன. எதனால் கட்டினாலும், துலக்காத பல்லுக்குப் பாதுகாப்பில்லை.

பெற்றோர் கவனத்திற்கு

* இவ்வளையங்களை வீட்டில் மாற்ற முடியாது. பல் வைத்தியரே சில வாரங்களுக்கு ஒரு முறை மாற்றுவார். ஆகவே, குறித்த தவணையைத் தவறவிடாதீர்கள். மேல், கீழ்ப் பற்களுக்கிடையே பிள்ளை தானே மாட்டும் பெரிய இறப்பர் வேறு. அதை வைத்தியர் சொன்னபடி நாள்தோறும் மாற்ற வேண்டும்.

* புளோரைட் பற்பசையால் காலையிலும் படுக்கைக்கு முன்பும் துலக்குவது கட்டாயம். பிரஷ்ஷைச் சற்றுச் சரித்து, கம்பிக்கு மேலே ஒரு முறையும் கீழே ஒரு முறையும் துலக்கட்டும். கம்பிக்கு அடியில் நுழையும் சிறு பிரஷ்ஷும் நல்லது.

* டொபி, சொக்லட், சீனி கலந்த பானங்களை நேரமெல்லாம் கொடுக்காதீர்கள். கரைந்ததை உமிழ்நீர் ஈடுசெய்ய அவகாசம் வேண்டும்.

* நோன்பு காலத்தில் ஸஹர் உணவுக்குப் பின் பல் துலக்காமல் பிள்ளை உறங்கிவிடாதிருக்கப் பாருங்கள்.

* தழும்பு தென்பட்டால் உடனே காட்டுங்கள். ஆரம்பத்தில் என்றால் புளோரைட் சிகிச்சையால் அது பரவாமல் தடுக்க இடமுண்டு. குழி விழுந்துவிட்டால் அடைக்கத்தான் வேண்டும்.

சமுதாயத்துக்குச் சிரமமாகிவிடும் என்பதாலேயே ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்வதை நபி (ஸல்) அவர்கள் கட்டாயமாக்காது விட்டார்கள். அந்த அளவுக்கு வாய்ச் சுத்தத்தை வலியுறுத்தும் மார்க்கம் நம்முடையது. கம்பி போட்ட பிள்ளை மிஸ்வாக்கை மெதுவாகப் பாவிக்கட்டும். கம்பியின் இடுக்குகளுக்குப் பிரஷ்ஷும் வேண்டும். இந்தச் சுன்னத்தைச் சிறு வயதிலேயே பழக்கிவிட்டால், கம்பி கழன்ற பின்னும் அப்பழக்கம் பிள்ளையோடு வளரும், இன்ஷா அல்லாஹ்.