விளக்கு நட்டு வெட்டிய கால்வாய்

வடக்கே கெடாவுக்குப் போகிற நம் நெகிரி செம்பிலான் தோட்டத்துக் குடும்பங்கள் பல, சுங்கைப் பட்டாணியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு லங்காவிக்குக் கப்பலேறிவிடுகின்றன. அடுத்த பள்ளி விடுமுறையில் ஒரு காலைப் பொழுதைக் கால்வாய்க் கரைக்கு ஒதுக்கிப் பாருங்களேன்.

வான் மாட் சமான் கால்வாய் என்பது அதன் பெயர். கெடாவின் மந்திரி புசாராக இருந்த வான் முகமட் சமான் 1885-இல் தொடங்கி 1896-இல் முடித்தார். அலோர்ஸ்டாரிலிருந்து ஜெராய் மலையடியிலுள்ள குரூண் வரை ஏறக்குறைய 36 கிலோமீட்டர். கோடு கிழித்தாற்போல் நேர். இரவில் வரிசையாக விளக்குகளை நட்டு, அந்த வெளிச்சத்தையே நூலாகப் பிடித்து வெட்டினார்கள் என்று சொல்வார்கள். தோட்டத்தில் வடிகால் வெட்டியவர்களைக் கேளுங்கள், ஒரு சங்கிலி தூரம் கோணாமல் வெட்டுவதே என்ன பாடு என்று! சதுப்பு நிலம் வயலானது. 1970-களில் மூடா நீர்ப்பாசனத் திட்டம் வந்தபின் அந்தச் சமவெளியில் ஆண்டுக்கு இரு போகம்.

முழுத் தூரமும் வேண்டாம். குவார் செம்படாக் பக்கம் இறங்கித் தெற்கே நடங்கள். கரையில் பாதை இல்லாத இடத்தில் சாலைக்கு ஏறிவிடலாம். சிறுபிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கம் விடாதீர்கள். வெயில் ஏறுமுன் கிளம்புவது நல்லது. வயல்வெளியில் நிழல் கிடையாது.

நடக்க நடக்க ஜெராய் மலை வலப்பக்கம் உயரும். அந்த மலைக்கும் கிழக்கேயுள்ள காட்டுக்கும் இடையில் சாலையும் ரயிலும் நுழைகிற இடுக்குத்தான் குரூண். ஜித்ராவில் தோற்றுப் பின்வாங்கிய பிரிட்டிஷ் இந்தியப் படை, 1941 டிசம்பர் 14, 15 தேதிகளில் இங்கே ஜப்பானியரைத் தடுத்துப் பார்த்தது. மழையில் நனைந்து, தூக்கமின்றித் தளர்ந்திருந்த படை அது. விடியுமுன் ஜப்பானியர் உள்ளே புகுந்துவிட்டார்கள். அடுத்த நாள் படை மூடா ஆற்றைக் கடந்தது. மாண்டவர்களில் பஞ்சாபிச் சிப்பாய்களும் உண்டு, ஆங்கிலேயரும் உண்டு.

ஜித்ராவில் தோற்ற பஞ்சாப் படையின் கேப்டன் மோகன் சிங், கால்வாய் தொடங்கும் அதே அலோர்ஸ்டாரில்தான் இந்திய தேசிய ராணுவத்துக்கு வித்திட்டார். 1943-இல் நேதாஜி வந்தபின் நம் தோட்டங்களிலிருந்து பால்வெட்டுக் கத்தியை வைத்துவிட்டு எத்தனையோ பேர் அதில் சேர்ந்தார்கள். உங்கள் வீட்டில் தொண்ணூறு கடந்த பாட்டியோ தாத்தாவோ இருந்தால், யார் யார் போனார்கள் என்று கேட்டு, பெயர்களைப் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பயணத்துக்கு முன்பே அதைச் செய்யுங்கள்.

திரும்பும் வழியில் தைப்பிங் போர்க் கல்லறையில் கொஞ்ச நேரம் இறங்குங்கள். அங்கே பாதிக்கு மேற்பட்ட கற்களில் பெயரே இல்லை.