ஒரே மவுஸ், இரண்டு அம்புகள்

தொலைவிலுள்ள சர்வரில் ஓடும் விர்ச்சுவல் மெஷினை வி.என்.சி. வழியாகத் திறந்தால், சில சமயம் திரையில் இரண்டு அம்புகள் தெரியும். ஒன்று நம் கணினியுடையது, மற்றது உள்ளே ஓடும் கணினியுடையது. நம் அம்பு ‘ஸ்டார்ட்’ பொத்தான்மேல் நிற்க, மற்றது நாலு விரற்கடை தள்ளி நின்று வேறெதையோ அமுக்கும். இணைய வேகம் போதவில்லை என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். அது தவறு. நெட்வொர்க்கே இல்லாமல் இரண்டும் ஒரே கணினியில் ஓடினாலும் அம்புகள் விலகும்.

வி.என்.சி. பேசும் நெறிமுறை ஆர்.எஃப்.பி. மவுஸ் அசையும்போது அது அனுப்பும் செய்தி வெறும் 6 பைட்: செய்தியின் வகைக்கு 1, பொத்தான்களுக்கு 1, கிடைமட்ட இடத்துக்கு 2, செங்குத்து இடத்துக்கு 2. ‘அம்பு இந்தப் புள்ளியில் இருக்கிறது’ என்பதே அதன் சாரம். மவுஸுக்கோ தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது. ஐ.பி.எம். 1987-இல் கொண்டுவந்த பி.எஸ்/2 வகை மவுஸ், எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும் 3 பைட்டில் சொல்லும். விர்ச்சுவல் மெஷினை இயக்கும் க்யூஎமு மென்பொருள், உள்ளே இருக்கும் இயங்குதளத்துக்கு இந்த மவுஸைத்தான் போலியாகக் காட்டுகிறது. ஆகவே புதிய புள்ளியிலிருந்து பழைய புள்ளியைக் கழித்து, வந்த விடையை ‘நகர்வு’ என்று உள்ளே தள்ளிவிடுகிறது.

கழித்தலில் பிழையில்லை, கேட்டு நடப்பவரிடம்தான் சிக்கல். உறியடியில் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்பவருக்குக் கூட்டம் வழி சொல்வதை எண்ணிப் பாருங்கள். ‘வலப்பக்கம் ரெண்டு எட்டு’ என்றால் அது யாருடைய எட்டு? நிதானமாகச் சொன்னால் சின்ன எட்டு வைப்பவர், அவசரமாகக் கத்தினால் தாவிவிடுகிறார். இயங்குதளங்கள் மவுஸுக்குக் கொடுக்கும் முடுக்கம் இதுதான்: வேகமாக நகர்த்தினால் அம்பு கூடுதல் தூரம் ஓடும். இனி அவர் சுவரில் முட்டி நிற்கிறார், கூட்டமோ ‘இன்னும் ரெண்டு எட்டு’ என்று எண்ணிக்கொண்டே போகிறது. அந்த எட்டுகள் கணக்கில் ஏறும், காலில் ஏறாது. எதிர்ச்சுவர் வரை துரத்தினால், சுவரருகே மட்டும் கணக்கும் காலும் மறுபடி பொருந்தும். அம்பைத் திரையின் மூலைக்கு விடாமல் தள்ளினால் இரண்டும் சேர்ந்துகொள்வது இதனால்தான். ஆனால் நம் அம்பு முதலில் விளிம்பைத் தொட்டுவிட்டால் கழிக்க வித்தியாசமே மிஞ்சாது. உள்ளே இருக்கும் அம்பு பாதி வழியில் நின்றுவிடும்.

வரலாறு சுருக்கமானது. வி.என்.சி. 1990-களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ஒலிவெட்டி ஆய்வகத்தில் உருவானது. நெறிமுறை 2011-இல் ஆர்.எஃப்.சி. 6143 என்ற ஆவணமாக வெளிவந்தது. நிஜக் கணினியின் திரையைக் காட்டும்போது இந்தச் சிக்கல் இல்லை, அங்கே அம்பை ஒரு புள்ளியில் நேராக வைத்துவிடலாம்.

க்யூஎமு சேர்த்த நீட்டிப்பு என்னை வியக்க வைப்பது, மவுஸ் செய்தியில் ஒரு பைட் கூடக் கூட்டாமல் வேலையை முடித்ததால். எந்தெந்தப் பட வடிவங்கள் தனக்குப் புரியும் என்று நம் பக்கத்து நிரல் தொடக்கத்தில் ஓர் எண் பட்டியல் அனுப்பும். அதில் மைனஸ் 257 என்ற எண்ணும் இருந்தால், ‘மவுஸின் பேச்சை மாற்றத் தயார்’ என்று பொருள். அந்த எண்ணை அறியாத சர்வர் அதைக் கண்டுகொள்ளாது, எதுவும் உடையாது. அறிந்த சர்வரோ படமே இல்லாத ஒரு படத்துண்டை அனுப்புகிறது. அத்துண்டின் கிடைமட்ட இடத்தில் 1 இருந்தால் ‘புள்ளியைச் சொல்’, 0 இருந்தால் ‘நகர்வைச் சொல்’. அதன்பின் வருவதும் அதே 6 பைட்தான். இடத்துக்கு ஒதுக்கிய 2 பைட்டில் எதிர்ம எண்ணுக்கு வழியில்லை. அதனால் நடுவிலுள்ள 32767-ஐச் சுழியாக வைத்துக்கொண்டார்கள். 32770 என்றால் வலப்பக்கம் 3, 32760 என்றால் இடப்பக்கம் 7. இந்த நகர்வு நிலையில் நம் பக்கத்து நிரல் நம் அம்பை மறைத்து மவுஸைப் பிடித்து வைத்துக்கொள்வதால் விளிம்பு என்ற தடையும் போகிறது.

உள்ளே போலி மவுஸுக்குப் பதில், புள்ளியை நேரடியாகச் சொல்லும் யூ.எஸ்.பி. வரைபலகை ஒன்றைப் போலியாக வைத்தால் போதாதா என்று கேட்கலாம். அலுவலக வேலைக்குப் போதும், அங்கே அதுவே சிறந்த வழியும்கூட. ஆனால் யூ.எஸ்.பி. டிரைவர் இல்லாத பழைய இயங்குதளங்களுக்கு அது பயன்படாது. தலையைத் திருப்பிக்கொண்டே சுற்றிப் பார்க்கும் முப்பரிமாண விளையாட்டில் விளிம்பு என்பதே இருக்கக் கூடாது, அங்கே நகர்வைத்தான் சொல்லியாக வேண்டும். மைக்ரோசாஃப்டின் ஆர்.டி.பி.யிலும் இன்று நகர்வுக்கெனத் தனிச் செய்தி இருப்பது இந்தத் தேவையை உறுதிப்படுத்துகிறது. ஒரே செய்திக்கு இரண்டு பொருள் கொடுப்பது ஒட்டுவேலை அல்லவா என்ற ஆட்சேபத்தில் நியாயம் உண்டு: எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை இரு பக்கமும் நினைவில் வைத்திருக்க வேண்டும், ஒன்று தவறினால் அம்பு எங்கோ பாயும். ஆனால் புதுச் செய்தி வகை வகுத்திருந்தாலும், எப்போது எதை அனுப்புவது என்ற அந்த நினைவு தேவைப்பட்டிருக்கும்.

‘சொந்தக் கணினி போலவே’ என்ற விளம்பரங்களை மட்டும் நம்ப வேண்டாம். நகர்வு நிலையில் நாம் பார்க்கும் ஒரே அம்பை வரைவது தொலைவிலிருக்கும் கணினி. செய்தி போய்ப் படம் திரும்ப 100 மில்லிநொடி ஆனால், கைக்கு அம்பு அவ்வளவு பிந்தித்தான் வரும். 6 பைட்டை எப்படி அடுக்கினாலும் அந்தத் தாமதம் குறையாது.