கிடப்பதும் கிடத்துவதும்: ‘லை’, ‘லே’ வினைகள்

ஆங்கிலத்தில் ‘லை’ என்பது கிடத்தல், படுத்திருத்தல். ‘லே’ என்பது கிடத்துதல், வைத்தல். நாய் வாசலில் கிடக்கிறது என்பதற்கு ‘லை’. தாய் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிறாள் என்பதற்கு ‘லே’. தமிழ் இலக்கணம் தன்வினை, பிறவினை என்று பிரிக்கும் வேறுபாடே இது.

இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. பண்டைய ஜெர்மானிய மொழிகளில், உயிரொலியை மாற்றி விகுதி சேர்த்தால் தன்வினை பிறவினையாகும். விழுவதைக் குறிக்கும் ‘ஃபால்’, மரத்தை வீழ்த்தும் ‘ஃபெல்’. உட்காரும் ‘சிட்’, இருத்தி வைக்கும் ‘செட்’ ஆகியவையும் இத்தகைய இணைகளே. இன்றைய ஜெர்மன் மொழியிலும் ‘லீகன்’, ‘லேகன்’ என்ற இணை உண்டு.

ஓர் ஊர் அமைந்திருக்கும் இடத்தையும், சிக்கல் எதில் அடங்கியிருக்கிறது என்பதையும் சொல்ல ‘லை’ பயன்படும். டோவர் நகரம் கடலோரத்தில் அமைந்திருப்பதை அவ்வினையால் குறிப்பர். செங்கல் அடுக்குவது, தண்டவாளம் பதிப்பது, அடிக்கல் நாட்டுவது, கோழி முட்டையிடுவது அனைத்துக்கும் ‘லே’. கோழி நன்றாக இடுகிறது என்று முட்டையைச் சொல்லாமல் விட்டாலும் வினை ‘லே’தான், செயப்படுபொருள் அங்கே தொக்கி நிற்கிறது.

குழப்பம் இறந்தகாலத்தில்தான். ‘லை’யின் இறந்தகாலம் ‘லே’, இறந்தகால எச்சம் (பாஸ்ட் பார்ட்டிசிபிள்) ‘லெயின்’. ‘லே’க்கு இரண்டும் ‘லெய்ட்’. ஆக, ‘லே’ என்ற ஒரே வடிவம் ஒரு வினைக்கு நிகழ்காலமாகவும் மற்றதற்கு இறந்தகாலமாகவும் நிற்கிறது. நேற்று முழுதும் படுத்திருந்தான் என்பதற்கு ‘லே’ சரி, ‘லெய்ட்’ பிழை. பொய் சொல்லுதலைக் குறிக்கும் ‘லை’ வேறு வேரிலிருந்து வந்தது. அதன் இறந்தகாலம் ‘லைட்’.

ஆங்கிலப் பேச்சில் ‘லை’ வரவேண்டிய இடத்தில் ‘லே’ வருவது பல நூற்றாண்டுப் பழக்கம். பாடகர் பாப் டிலன் 1969இல் வெளியிட்ட ‘லே லேடி லே’ பாடலின் தலைப்பும் அப்படிப்பட்டதே. இலக்கணப்படி அங்கே ‘லை’ வேண்டும். பேச்சில் இது பரவலாக இருந்தாலும், தேர்விலும் அலுவல் எழுத்திலும் பிழையாகவே கருதப்படுகிறது.

எழுதும்போது வினையை நோக்கி ‘எதை?’ என்று கேட்டால் போதும். விடை கிடைத்தால் ‘லே, லெய்ட், லெய்ட்’. கிடைக்காவிட்டால் ‘லை, லே, லெயின்’. கிட, கிடத்து என்பவற்றைத் தடுமாறாமல் கையாளும் தமிழருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. மனப்பாடம் செய்ய வேண்டியவை இறந்தகால வடிவங்கள் மட்டுமே.