பக்கவாதத்திற்குப் பின் உணவும் மீட்சியும்

பக்கவாதத்தால் தாக்குண்டவரின் உயிரைக் காப்பது மருத்துவமனையின் பணி. அவர் மீண்டும் எழுந்து நடக்கத் துணைநிற்பது பெரும்பாலும் வீட்டின் பணியாகும். ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து உயர்சிகிச்சை நாடுவோர் திருப்பதிக்குச் செல்வது வழக்கம். அங்கு, திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் தோன்றிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகம் 1993 முதல் இயங்கி வருகிறது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமான பின்னரும் இத்தொடர்பு நீடிக்கிறது. சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவருக்குக் கிடைக்கும் உணவு போதுமானதா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

ஊட்டக்குறை ஏன்?

நோயின் தொடக்கத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழுங்கும் ஆற்றல் குன்றுகிறது. உணவோ நீரோ மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் அழற்சி உண்டாகும்; சிலருக்கு இருமல்கூடத் தோன்றாது. கை செயலிழத்தல், பேச இயலாமை, மனச்சோர்வு ஆகியவையும் உணவைக் குறைக்கின்றன. போதிய உணவின்றேல் தசைகள் மெலியும். படுக்கைப் புண் ஆறாது. உடற்பயிற்சியும் பயன் தராது.

நீர்க்கஞ்சியின் குறை

நோயாளிக்கு எளிதென்று கருதி வீடுகளில் நீர்த்த கஞ்சி தருவதுண்டு. இதில் இரு குறைகள் உள்ளன. நீர்த்த பொருள் தொண்டையில் விரைந்து பாய்வதால், விழுங்கற்குறை உள்ளவருக்கு அதுவே ஆபத்தானது. மேலும், 20 கிராம் கேழ்வரகு மாவில் காய்ச்சிய கஞ்சி சுமார் 65 கலோரியே தரும். நாளுக்கு ஐந்து முறை பருகினாலும் 325 கலோரியும் 7 கிராம் புரதமுமே கிட்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கோ சுமார் 1,500 முதல் 1,800 கலோரியும், ஏறத்தாழ 60 கிராம் புரதமும் தேவை.

இக்குறையைப் போக்க விலையுயர்ந்த சத்துமாவு இன்றியமையாததன்று. சித்தூர்ப் பகுதியில் விளையும் கேழ்வரகும் நிலக்கடலையும், அங்குப் பெருகியுள்ள பாலும் போதிய மூலப்பொருள்களாகும். உருட்டிய களி தொண்டையில் ஒட்டக்கூடும். எனவே கேழ்வரகைக் கெட்டியான கூழாக்கி, மையாக அரைத்த வறுகடலை, குழைத்த பயற்றம்பருப்பு, பால் அல்லது தயிர் சேர்த்துத் தரலாம். நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்கு அளவை மருத்துவரே வகுக்க வேண்டும். மருத்துவர் கூறாத நிலையில், பத்தியம் என்று பாலையும் முட்டையையும் விலக்குவது தவறு.

ஆய்வு கூறுவது

2005இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில் 4,023 நோயாளிகள் பங்கேற்றனர். தொடக்கத்தில் ஊட்டக்குறை உள்ளவராகக் கணிக்கப்பட்டோர் 8 சதவீதத்தினரே. பெரும்பாலோர் நல்ல உடல்நிலையில் இருந்த அக்குழுவில் அனைவருக்கும் கூடுதல் சத்துணவு வழங்கியதால் குறிப்பிடத்தக்க நன்மை விளையவில்லை. ஆகவே, தேவையுள்ளவரைக் கண்டறிவதே முதற்படி.

செய்யத்தக்கவை

வாய்வழி உணவு தொடங்கும் முன் விழுங்கும் ஆற்றலைச் சோதித்தல் வேண்டும். நோயாளியை நிமிர்த்தி அமரவைத்து, சிறு சிறு கரண்டியாக ஊட்டி, உண்டபின் அரைமணி நேரம் படுக்கவிடாதிருத்தல் நலம். மூக்குக்குழாயுடன் வீடு திரும்புவோரின் குடும்பத்தாருக்கு அதனைக் கையாளும் பயிற்சி தரப்பட வேண்டும். மருத்துவமனைச் சீட்டில் மருந்துகளுடன் எடையும் உணவு முறையும் குறிக்கப்படுதல் அவசியம். கிராமச் சுகாதாரப் பணியாளர் இரத்த அழுத்தம் பார்க்கும்போதே எடையையும் பார்த்தால், மெலிவு தொடக்கத்திலேயே புலப்படும். இதற்குத் தேவைப்படுவது ஓர் எடைக்கருவியும் சிறிது அக்கறையுமே.