மூன்றரை வருஷ நாற்காலி

“ஏம்ப்பா, எம்.எல்.ஏ.ன்னா என்னப்பா வேலை?”

ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லிக்கும் சட்னிக்கும் நடுவில் என் மகள் கேட்ட கேள்வி. ஏழாவது படிக்கிறாள். ‘எங்கள் சட்டமன்றம்’ என்று ஒரு கட்டுரை எழுதி வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

எனக்கு என்ன தெரியும்? கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். “கல்யாணத்துக்கு வருவார். காதுகுத்துக்கு வருவார். ரிப்பன் வெட்டுவார். வெயில் காலத்தில் தண்ணீர்ப் பந்தல் திறப்பார். சபைக்குப் போனால் மேஜையைத் தட்டுவார். கோபம் வந்தால் வெளிநடப்பு செய்வார்.”

“வெளிநடப்பு செஞ்சு எங்க போவார்?”

“வாசல்ல நிற்கிற டி.வி. காமிராவுக்கு.”

அடுப்படியிலிருந்து என் மனைவி சிரித்தாள். பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. புதுக்கோட்டையிலிருந்து செக்கப்புக்காக வந்திருந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் மார்பில் கட்டி. அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். பிழைத்துக்கொண்டாள். அதிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறி வந்து, டாக்டரிடம் காட்டி, ‘ஒன்றும் இல்லை’ என்ற வார்த்தையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவாள்.

“ஏண்டா, பிள்ளைகிட்ட இப்படியா சொல்லுவ?” என்றாள் பெரியம்மா. “நாளைக்கு நான் போகப்போற ஆஸ்பத்திரியைக் கட்டினவங்களும் சட்டசபையில மெம்பரா இருந்தவங்கதான். எங்க ஊர்க்காரங்க. அவங்க என்ன, மேஜையைத் தட்டிட்டா வந்தாங்க?”

எனக்குச் சுருக்கென்றது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி! கர்ப்பிணிகளுக்கு உதவித் தொகை தருகிற அரசாங்கத் திட்டத்தில் அந்தப் பெயரை ஆயிரம் தடவை படித்திருக்கிறேன். டாக்டர் என்று தெரியும். சட்டசபையில் என்ன செய்தார் என்று கேட்டால்? முழி பிதுங்கியிருக்கும்.

மறுநாள் பெரியம்மாவை அழைத்துக்கொண்டு அடையாறு போனேன். அன்று சாயங்காலமே லைப்ரரிக்கும் போனேன்.

* * *

1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி. அப்பா நாராயணசாமி ஐயர், ஊரிலுள்ள மகாராஜா கல்லூரியின் பிரின்சிபால். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்த குடும்பத்தில் பிறந்தவர். இந்த ஒரு விவரத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

மெட்ரிக் பாஸ் செய்த பெண்ணைக் கல்லூரியில் சேர்க்கலாமா என்று ஊரே அமளிப்பட்டது. ‘பையன்கள் கெட்டுப் போவார்கள்’ என்று கவலைப்பட்டார்களே தவிர, பெண் படிக்காமல் போவதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. கடைசியில் புதுக்கோட்டை ராஜாவே தலையிட்டு, ‘சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்றார். வகுப்பில் அவருக்கும் பையன்களுக்கும் நடுவில் ஒரு திரை!

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-ல் டாக்டர். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்துகொண்டார். அதற்கும் நிபந்தனை போட்டார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. (என் மனைவியிடம் இதைச் சொன்னபோது, “நமக்குத் தோணாம போச்சே” என்றாள்.)

1923-ல் தங்கை புற்றுநோயில் இறந்துபோனார். அக்காள் டாக்டர். இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

சரி, சட்டசபைக்கு வருவோம்.

அப்போதெல்லாம் மேல்சபை, கீழ்சபை என்று இரண்டு கிடையாது. சென்னை மாகாணத்துக்கு ஒரே சபை. கோட்டையில் கூடும். 1921-ல் இந்த மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டு வந்தது. அதுவும் சொத்து இருந்தால்தான். ஓட்டுப் போடலாம், சபையில் உட்காரக் கூடாது! உட்காரலாம் என்று வழி விட்டது 1926-ல்தான். அந்த வருஷத் தேர்தலில் மங்களூரில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய கொஞ்சம் ஓட்டில் தோற்றுப்போனார்.

பெண் ஒருவராவது சபையில் வேண்டும் என்று இந்திய மாதர் சங்கம் கேட்டது. மேல்படிப்புக்காக லண்டன் போய்த் திரும்பியிருந்த முத்துலட்சுமியை அரசாங்கம் நியமித்தது. அவருக்கு அதில் அவ்வளவு இஷ்டமில்லை. பிரசவம் பார்க்கிற நேரத்தில் அரசியலா என்று தயங்கினார். பிறகு ஒப்புக்கொண்டார்.

சமஸ்தானங்களின் கணக்கு தனி. பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபை ஏறிய முதல் பெண் அவர்தான். 1927-ல் அந்தச் சபை அவரைத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தது. போட்டியே இல்லை. நாற்காலி கிடைத்தது, மாலை விழுந்தது. சும்மா இருந்திருந்தாலே சரித்திரத்தில் பெயர் வந்திருக்கும்.

சும்மா இருக்கவில்லை. பெண்களின் படிப்புக்குப் பணம், பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குழந்தைக் கல்யாணத்தை எதிர்த்துப் பேசினார். (பெண்ணுக்கு 14, பையனுக்கு 18 என்று வயது நிர்ணயித்த சாரதா சட்டம் டில்லியில் 1929-ல் வந்தது.) எல்லாவற்றுக்கும் மேலாக, யாரும் வாய் திறக்கக் கூசுகிற விஷயம் ஒன்றைக் கையில் எடுத்தார்.

பொட்டுக்கட்டுதல்.

* * *

சின்னப் பெண்ணுக்குக் கோயிலில் பொட்டுக் கட்டிவிடுவார்கள். சாமிக்கு மனைவி என்று பெயர். அப்புறம் அவளுக்குக் குடும்பம், கல்யாணம் எதுவும் கிடையாது. ஒரு காலத்தில் ஆடலும் பாடலும் அவர்கள் கையில்தான் வாழ்ந்தன. மதிப்பும் இருந்தது. போகப்போக, பணக்காரர்களின் தயவில் வாழ்கிற நிலைமைக்குப் பல பேர் தள்ளப்பட்டார்கள். தன் தாயின் குலத்தில் என்ன நடக்கிறது என்பதை முத்துலட்சுமிக்குப் புத்தகம் சொல்லித் தர வேண்டியதில்லை.

1927 நவம்பரில் சபையில் தீர்மானம் கொண்டு வந்தார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதை நிறுத்த அரசாங்கம் சட்டம் செய்ய வேண்டும் என்று. தீர்மானம் நிறைவேறியது. ஆஹா, முடிந்தது வேலை என்று நினைத்துவிடாதீர்கள். தீர்மானம் வேறு, சட்டம் வேறு. அந்தக் காலத்தில் வீட்டுக்கு டெலிபோன் வேண்டுமென்று எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்போமே, அந்த மாதிரி. தீர்மானம் என்பது எழுதிப் போட்ட காகிதம். மணி அடித்தால்தான் டெலிபோன்!

மணி அடிக்காமல் இருப்பதற்கு ஆயிரம் காரணம் சொன்னார்கள். மதத்தில் கை வைக்காதே என்றார்கள். கலை அழிந்துபோகும் என்றார்கள். சபையில் எதிர்த்துப் பேசியவர்களில் சத்தியமூர்த்தியும் ஒருவர். சுதந்திரத்துக்காகச் சிறை போன தலைவர்தான். இந்த விஷயத்தில் மட்டும் அந்தப் பக்கம் நின்றார்.

தேவதாசிகளே சங்கம் வைத்து மனுக் கொடுத்தார்கள். ‘எங்களை எல்லோரையும் ஒரே தராசில் போடாதீர்கள். நாங்கள் கலைஞர்கள். எங்களுக்குப் படிப்பைக் கொடுங்கள்’ என்பது அவர்கள் கட்சி. அதில் நியாயமே இல்லையென்று சொல்ல முடியுமா? இன்னொரு பக்கம் அதே குலத்தில் பிறந்து, பொட்டுக்கட்டுதலை ஒழித்தே தீர வேண்டுமென்று ஊர் ஊராகப் பேசியவர் மூவலூர் ராமாமிர்தம் அம்மாள்.

எனக்கு ஆச்சரியம் தந்தது இதற்கு அடுத்த கட்டம்தான். முத்துலட்சுமி டாக்டர் அல்லவா? நோயைத் திட்டிக்கொண்டிருக்காமல், வேர் எங்கே என்று பார்த்தார்.

வேர், நிலத்தில் இருந்தது.

கோயில் ஊழியத்துக்காக இந்தக் குடும்பங்களுக்கு இனாம் நிலம் கொடுத்திருந்தார்கள். ஊழியம் செய்கிறவரைக்கும்தான் நிலம். அடுத்த தலைமுறையில் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக் கட்டாவிட்டால் நிலம் போய்விடும், சோறு போய்விடும். ஆக, மகளை அனுப்புகிற தாய் பக்தியினால் மட்டும் அனுப்பவில்லை. அடுப்பு எரிய வேண்டுமே!

முதலில் இந்த முடிச்சை அவிழ்த்தார். இந்து அறநிலையச் சட்டத்துக்கு அவர் கொண்டு வந்த திருத்தம் 1929-ல் சட்டமானது. நிலத்துக்கும் ஊழியத்துக்கும் இருந்த கட்டு அறுந்தது. ஊழியத்துக்குப் பதில் வரியாக ஒரு தொகை. நிலம் கையை விட்டுப் போகாது. ‘மகளையும் வைத்துக்கொள், நிலத்தையும் வைத்துக்கொள்’ என்று சொன்ன சட்டம் அது. மேஜையைத் தட்டி வருகிற யோசனையா இது? ராத்திரி உட்கார்ந்து பழைய சட்டத்தை வரி வரியாகப் படித்திருந்தால்தான் வரும்.

அடுத்து, பொட்டுக்கட்டுதலையே தடை செய்கிற மசோதாவை 1930-ல் கொண்டு வந்தார்.

அந்த வருஷம் உப்பு சத்தியாகிரகம். காந்தியை மே மாதம் கைது செய்தார்கள். முத்துலட்சுமி ராஜினாமா கடிதத்தை நீட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

துணைத் தலைவர் பதவி, பாதியில் நிற்கிற தன் மசோதா, எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான். மொத்தம் மூன்றரை வருஷம். பென்ஷனுக்குக்கூடக் காணாது!

* * *

சபையை விட்டு வந்த பிறகு என்ன செய்தார்? அந்த மூன்றரை வருஷ அனுபவத்தை இங்கிலீஷில் ஒரு புத்தகமாக எழுதினார். அது 1930-லேயே வந்தது. அதே வருஷம், பொட்டுக்கட்டு வேண்டாமென்று தப்பி வந்த சில இளம்பெண்களுக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. ஹாஸ்டலில் சேர்க்கவில்லை. இவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். உள்ளே அழைத்துப் படுக்க வைத்தார். அதுதான் அவ்வை இல்லம்.

சட்டம் சொல்கிறது, ‘போகாதே’ என்று. போகாதவள் எங்கே போவாள் என்று சட்டத்தில் எழுதியிருக்காது. அதை இவர் தன் வீட்டு வாசலில் எழுதினார்.

பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் கடைசியில் 1947-ல் வந்தது. பொட்டுக்கட்டிய பெண்கள் கல்யாணம் செய்துகொண்டால் அது செல்லும் என்றும் சொன்னது. காகிதம் எழுதிப் போட்டது 1927. மணி அடித்தது 1947. இருபது வருஷம்! அப்போது அவர் அந்தச் சபையில் இல்லை. அறுபது வயதைத் தாண்டிய அம்மாள்.

அந்தச் சட்டம் கோயிலில் பெண்கள் ஆடுவதையும் சேர்த்தே தடுத்துவிட்டது. நாட்டியம் சபா மேடைக்குப் போனது. தலைமுறை தலைமுறையாக அதைக் காப்பாற்றிய பெண்களில் எத்தனையோ பேர் மேடையும் இல்லாமல், பிழைப்பும் இல்லாமல் ஒதுங்கிப் போனார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். மருந்து என்றால் கசப்பும் உண்டு. ஆனால் ஒன்று: ஏழு வயசு, எட்டு வயசுக் குழந்தையின் கழுத்தில், அவளைக் கேட்காமல், அவள் ஆயுசையே கட்டிப்போடுகிற பொட்டைக் கட்ட இன்றைக்குச் சட்டம் இடம் தராது.

தங்கை போன 1923 மட்டும் அவர் மனசில் ஆறவே இல்லை. 1935-ல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டுமென்று பேசினார். அப்புறம் பதினேழு வருஷம் கழித்து, 1952-ல் அடையாறில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் ஆஸ்பத்திரி திறந்தது. 12 படுக்கை! மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், மறு வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1968-ல் முத்துலட்சுமி காலமானார்.

* * *

நாங்கள் அங்கே போன திங்கட்கிழமை, வராந்தா பெஞ்சு முழுக்க ஜனம். மூட்டை முடிச்சோடு எந்தெந்த ஊரிலிருந்தோ வந்தவர்கள். பெரியம்மா பக்கத்தில் ஒரு தாயும் மொட்டைத் தலைக் குழந்தையும். குழந்தை பிஸ்கட்டைத் தரையில் தட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. “எனக்கும் முடி கொட்டி முளைச்சதுதான் தாயி, கவலைப்படாத” என்று பெரியம்மா தன் கொண்டையைக் காட்டினாள். அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்தாள்.

டாக்டர் பார்த்துவிட்டு, ‘ஒன்றும் இல்லை’ என்றார். பெரியம்மா மறுநாள் பஸ் ஏறினாள்.

என் மகள் கட்டுரையை முடித்துவிட்டாள். காதுகுத்து, ரிப்பன் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, ‘எம்.எல்.ஏ.வின் முதல் வேலை சட்டம் செய்வது’ என்று எழுதியிருந்தாள். கீழே முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி இரண்டு பக்கம். படித்துவிட்டு, “பேஷ்!” என்றேன்.

நோட்டை மூடப் போனவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“நம்ம எம்.எல்.ஏ. சபையில என்ன கேட்டிருக்கார்ப்பா? என்ன மசோதாவைப் பத்திப் பேசியிருக்கார்?”

அவருக்கு நான் இரண்டு தடவை ஓட்டுப் போட்டிருக்கிறேன். எங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு வந்தார். பொன்னாடை போட்டு, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். அது ஹாலில் மாட்டியிருக்கிறது.

ஆனால் இந்தக் கேள்வியை அவரிடம் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.